ஏங்க, ஒரு ஆட்டம் போடலாமா?

2025 ஜூன்ல கூமாபட்டி ரீல் வைரலானப்ப நாமளும் சும்மா இருக்கல. உலகமே "ஏங்க, ஏங்க"ன்னு கிளம்புனப்ப, பக்கத்துலயே இருக்குற நாம போகலைன்னா எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர், மூணு பைக். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, வத்திராயிருப்பு தாண்டி, கூமாபட்டி தாண்டி, பிளவக்கல் அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரீல்ல பார்த்த மாதிரி குதிச்சுக் குளிக்கவெல்லாம் விடல. சரி, வந்ததுக்கு மலையைப் பார்த்துட்டுப் போவோம்னு மரத்தடியில உட்கார்ந்தோம்.

உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் ஆறு பேரும் ஆறு போனுக்குள்ள போயிட்டோம். எதிர்ல மேற்குத் தொடர்ச்சி மலை. யாரும் நிமிர்ந்து பார்க்கல.

திரும்பி வர்ற வழியில டீ குடிக்க ஒரு ஊர்ல நிறுத்தினோம். கடைக்கு எதிர்ல ஒரு சின்ன மண்டபம். அதுல நாலஞ்சு பெரியவங்க தரையில கரித்துண்டால ஒரு முக்கோணம் போட்டு, குறுக்கே கோடு இழுத்து, புளியங்கொட்டையும் சின்னக் கல்லும் வச்சு ஆடிக்கிட்டு இருந்தாங்க. ஆடு புலி ஆட்டம். "ஒரு கை போடுறீங்களா தம்பி?"ன்னு ஒருத்தர் கேட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம், டேட்டா ஸ்ட்ரக்சர்ல நல்ல மார்க்குங்கிற தைரியத்துல நான் உட்கார்ந்தேன். 15 ஆடு என் கையில. அவருக்கு 3 புலி.

மூணு ஆட்டம், மூணுலயும் தோல்வி. மூணாவதுல 6 ஆட்டைத் தின்ன பிறகு, "நீங்க ஆட்டைக் காப்பாத்தப் பாக்குறீங்க. ஆட்டைக் காப்பாத்துறது வேலையில்ல, புலியை அடைக்கிறதுதான் வேலை"ன்னு சொல்லிக் கொடுத்தார். பக்கத்துல நின்ன நம்ம பசங்க அஞ்சு பேரும் போனைப் பையில வச்சுட்டு, "டேய், அங்க வைடா, இங்க வைடா"ன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. டீ ஆறிப்போச்சு. கிளம்பும்போது ஒண்ணு தோணுச்சு. அணைக்கு வந்ததுல இருந்து நாங்க ஆறு பேரும் சேர்ந்து செஞ்ச முதல் காரியம் அதுதான்.

இந்தக் கட்டுரை அந்த மண்டபத்துல ஆரம்பிச்சு, நம்ம கல்லூரி விழாவுக்கு ஒரு கோரிக்கையோட முடியப்போகுது. நடுவுல ஜெர்மனிக்கும் சிவகாசிக்கும் ஒரு ரவுண்டு.

எஸ்ஸென்ல என்ன நடக்குது?

ஜெர்மனியில ரூர் பகுதியில எஸ்ஸென்னு ஒரு நகரம். நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். அங்க 1983-ல இருந்து வருஷா வருஷம் பலகை விளையாட்டுகளுக்குன்னே ஒரு திருவிழா நடக்குது. பேரு 'ஷ்பீல்', ஜெர்மன்ல அதுக்கு அர்த்தமே 'விளையாட்டு'தான். இப்ப அக்டோபர் மாசம் நாலு நாள் நடக்குது. 2019-ல 2 லட்சத்து 9 ஆயிரம் பேர் வந்தாங்க. ஒரே வருஷத்துல ஆயிரத்துக்கும் மேல புது விளையாட்டுகள் அங்க அறிமுகமாகுது.

எண்ணிக்கையை விட அந்த விழா நடக்குற விதம்தான் எனக்கு முக்கியமாப் படுது. நம்ம ஊர்ப் பொருட்காட்சியில ஸ்டாலுக்கு முன்னாடி நின்னு பார்ப்போம், விலை கேட்போம், நகர்ந்துடுவோம். அங்க ஸ்டால்னா மேஜையும் நாற்காலியும். காலியா இருந்தா உட்காரலாம். முன்பின் தெரியாத மூணு பேர் எதிர்ல உட்காருவாங்க. ஒருத்தர் வந்து விதிகளைச் சொல்லித் தருவார். இப்படிச் சொல்லித் தர்றவங்களுக்கு ஜெர்மன்ல ஒரு செல்லப் பேரே இருக்கு: 'எர்க்ளேர்பேர்'. 'விளக்குற கரடி'ன்னு வச்சுக்கலாம். ஆடிப் பார்த்துட்டுப் பிடிச்சா வாங்கலாம், இல்லைன்னா எழுந்து அடுத்த மேஜைக்குப் போகலாம்.

இந்தியாவுலயும் இது இல்லாம இல்ல. மும்பையில மீப்பிள்கான்னு ஒரு பலகை விளையாட்டு விழா நடக்குது. மீப்பிள்ங்கிறது மனுஷ உருவத்துல இருக்குற குட்டி மரக்காய். 2000-ல வந்த கார்கசோன் விளையாட்டு மூலமா பிரபலமாச்சு. பெங்களூர்ல வாரக் கடைசியில இதுக்குன்னே கூடுற கூட்டங்கள் இருக்கு. இன்டர்ன்ஷிப்புக்கு அங்க இருந்தப்ப ஒரு சனிக்கிழமை நானும் போனேன்.

பயந்துக்கிட்டேதான் போனேன். இங்கிலீஷ்ல வேகமா விதி சொன்னா புரியுமா, தப்பாக் காய் நகர்த்தினா சிரிப்பாங்களான்னு மனசுக்குள்ள ஓடிச்சு. ஆனா அங்க ஒரு விஷயம் என்னைக் காப்பாத்துச்சு. அன்னிக்கு எல்லாருக்கும் அது புது விளையாட்டு. எதிர்ல இருந்தவர் பெரிய கம்பெனியில டீம் லீட். அவருக்கும் விதி தெரியாது, எனக்கும் தெரியாது. புது விளையாட்டு முன்னாடி எல்லாரும் முதல் வருஷ ஸ்டூடண்ட்தான். நாலு ஆட்டம் ஆடினேன், ஒண்ணுல ஜெயிச்சேன். ஆறு மாச இன்டர்ன்ஷிப்புல நான் யாரோடயும் மனசு விட்டுச் சிரிச்சுப் பேசின முதல் சாயங்காலம் அதுதான்.

"சின்னப்பசங்க விளையாட்டு" என்பவர்களுக்கு

இதை விழாக் குழுவுல சொன்னப்ப வந்த முதல் பதில்: "தாயம், பரமபதமெல்லாம் வச்சா யாருடா வருவா? பிஜிஎம்ஐ டோர்னமெண்ட் வை, ஹால் நிறையும்."

ஹால் நிறையும், ஒத்துக்கறேன். போன வருஷமும் நிறைஞ்சது. ஆனா யாரு நிறைஞ்சாங்கன்னு யோசிங்க. நல்ல போன் வச்சிருக்கவங்க, ஏற்கனவே ஸ்குவாடு வச்சிருக்கவங்க. மத்தவங்க பின்னாடி நின்னு ஸ்க்ரீனைப் பார்த்தாங்க. பொண்ணுங்க எத்தனை பேர் ஆடினாங்கன்னு விரல் விட்டு எண்ணிடலாம். நான் வீடியோ கேமுக்கு எதிரி இல்ல, என் போன்லயும் இருக்கு. விழாவுல விளையாட்டுன்னா அது மட்டும்தான்னு ஆகிப்போனதுதான் எனக்கு வருத்தம்.

'சின்னப்பசங்க விளையாட்டு'ங்கிற வாதத்தை நம்ம மாநிலத்துல வச்சுக்கிட்டு எப்படித்தான் சொல்றோமோ தெரியல. 2022-ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடத்தினோம். 2024 டிசம்பர்ல 18 வயசுல குகேஷ் உலக சாம்பியன் ஆனப்ப ஹாஸ்டல்ல விசில் அடிச்சோம். கேரம்ல மரிய இருதயம் 1996-ல அர்ஜுனா விருது வாங்கியிருக்கார். செஸ்ஸும் கேரமும் பலகை மேல ஆடுறதுதானே? அதுக்கு மரியாதை, மத்ததுக்கு இளக்காரம். இதுல என்ன லாஜிக்?

இன்னொரு பதில், "ஹாஸ்டல்ல சீட்டுக்கட்டே விட மாட்டாங்க, இதுக்கு விடுவாங்களா?" இது நியாயமான கேள்வி. காசு வச்சு ஆடுறது வேற, இது வேற. விழாவுல காசு, பந்தயம் எதுவும் கிடையாதுன்னு முதல் விதியா எழுதி ஒட்டுவோம். பொறுப்பா ஒரு பேராசிரியரை உட்கார வைப்போம். அவரையும் ஆட வைப்போம். ஒரு சார் ஆடு புலியில முதல் வருஷப் பொண்ணுகிட்டத் தோற்கிறதைப் பார்க்கவே பாதி காலேஜ் வரும்.

பெருமை பேசுறதை விட ஆடிப் பார்க்கலாம்

'நம்ம விளையாட்டு'ன்னு எடுத்த உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். "எல்லாத்தையும் நம்ம முன்னோர்கள் அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க." கீழடியில பகடைக்காயும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைச்சிருக்கு, உண்மைதான். பச்சீசியைச் சுருக்கித்தான் இங்கிலாந்துல லூடோ பண்ணாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வைகுண்ட ஏகாதசிக்குக் கண் முழிக்க நம்ம பாட்டிங்க ஆடுன பரமபதத்தோட உறவுக்கார விளையாட்டுதான் அங்க 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆச்சு. எல்லாம் சரி. ஆனா இதை ஃபார்வர்டு பண்றவங்கள்ல எத்தனை பேர் கடைசி ஒரு வருஷத்துல தாயக்கட்டையைத் தொட்டிருக்கோம்? பெருமை பேசுறதுக்கு ஆடத் தெரிய வேண்டியதில்லைன்னு ஆகிப்போச்சு.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். பாட்டி விளையாட்டையும் ஜெர்மன்காரன் விளையாட்டையும் ஒரே மேஜையில வச்சு, எது எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் பார்க்கலாமே?

தாயத்தை எடுத்துக்குங்க. ரெண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு முகம்: 0, 1, 2, 3. மொத்தம் 16 வாய்ப்பு. தாயம்னா ஒண்ணு. ஒரு கட்டையில 1, இன்னொண்ணுல 0 விழணும். அப்படி விழ 2 வழிதான். அதாவது 8-ல 1. தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும். பத்து தடவை உருட்டியும் தாயம் விழாம இருக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட 26 சதவீதம். நாலு பேர் ஆடினா, சராசரியா ஒருத்தர் பத்து உருட்டலுக்கும் காய் இறக்காம வேடிக்கை பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்! பாட்டி வீட்டுத் திண்ணையில பொழுது நிறைய இருந்துச்சு, அது பொறுத்துச்சு. ஒரு மணி நேர இடைவேளையில ஆடுறவனுக்கு இது பொறுக்காது. அதே சமயம் 1, 5, 6, 12 விழுந்தா மறுபடி உருட்டலாம்ங்கிற விதி எவ்வளவு அழகுன்னும் பாருங்க. அது 16-ல 6. கிட்டத்தட்ட மூணுல ஒரு தடவைக்கு மேல கை ஓடிக்கிட்டே இருக்கும். திண்ணையில அந்தக் கூச்சல் வர்றதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இப்ப கட்டான். பல் மருத்துவத்துக்குச் செயற்கைப் பல் செய்யுற தொழில்ல இருந்த கிளாஸ் டாய்பர் உருவாக்கி, 1995-ல வெளிவந்தது. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல வித்திருக்கு. அதுலயும் ரெண்டு பகடை. அதிகமா விழுறது 7, 36-ல 6. ஆனா யார் பகடையை உருட்டினாலும் எல்லாருக்கும் பொருள் கிடைக்கலாம். அடுத்தவன் முறையிலயும் நமக்கு வேலை இருக்கு. பண்டமாற்றுப் பேரம் பேசிக்கிட்டே இருக்கணும். கடைசி வரைக்கும் யாரும் வெளியேற மாட்டாங்க. நம்ம சின்ன வயசு டிரேட்ல, அதாவது மோனோபொலியில, முதல்ல திவாலானவன் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான், ஞாபகம் இருக்கா? அந்த மோனோபொலிக்கு முன்னோடியா 1904-லயே லிஸ்ஸி மேகின்னு ஒரு அம்மா ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. நிலத்தை ஒருத்தரே வளைச்சுப் போடுறது எவ்வளவு அநியாயம்னு காட்டத்தான் அதைச் செஞ்சாங்க. கடைசியில உலகம் அதை வச்சு வளைச்சுப் போடக் கத்துக்கிச்சு.

ஆடு புலிக்கு வருவோம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ரெண்டு பேருக்கும் வேற வேற படை, வேற வேற விதி, வேற வேற குறிக்கோள். 2018-ல வந்த 'ரூட்'ங்கிற விளையாட்டை உலகமே கொண்டாடுறதுக்கு முக்கியக் காரணம், அதுல ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் விதி வேற. அந்த யோசனை கரித்துண்டால போட்ட கோட்டுல நம்ம மண்டபத்துல இருக்கு. இது எனக்கு எஸ்ஸென் பத்திப் படிச்ச பிறகுதான் உறைச்சது. புதுசை ஆடிப் பார்த்ததாலதான் பழசோட அருமை தெரிஞ்சது. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்து மேஜையில வைக்கணும்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஒரு பக்கத் தமிழ்

பெங்களூர்ல இருந்து வந்ததும் மூணு பேர் காசு போட்டு ஒரு கட்டான் பெட்டி வாங்கினோம். ஹாஸ்டல் மெஸ்ல சனிக்கிழமை ராத்திரி வச்சோம். முதல் வாரம் நாலே பேர். நானே விதிப் புத்தகத்தை இங்கிலீஷ்ல வாசிச்சேன். பத்தாவது நிமிஷம் ஒருத்தன் "அசைன்மெண்ட் இருக்கு"ன்னு எழுந்து போயிட்டான். வத்திராயிருப்புப் பையன், தமிழ் மீடியம். கிளாஸ்ல வாயே திறக்க மாட்டான். செமினார் வந்தா லீவு போடுவான். அவனுக்கு அன்னிக்கு அசைன்மெண்ட் எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நாங்க ஒரே செக்‌ஷன்.

அடுத்த வாரம் விதிகளை ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதினேன். எளிமையா இல்ல, ரெண்டு ராத்திரி ஆச்சு. எங்க தமிழ் வார்த்தை, எங்க நாம பேசுற வார்த்தைன்னு குழப்பம். பண்டமாற்று, களவாணி, செங்கல், செம்மறி ஆடு, ரோடு, வீடு. 'சாலை'ன்னு எழுதி அடிச்சுட்டு 'ரோடு'ன்னே போட்டேன். அதைக் கையில கொடுத்து அவனை இழுத்து உட்கார வச்சேன்.

அன்னிக்கு அவன் எங்களை வித்துட்டான். உண்மையாவே. அவங்க அம்மா தேங்காய் யாவாரம். சின்ன வயசுல இருந்து கூடவே போய் விலை பேசின பழக்கம். "எனக்கு ஒரு செங்கல் கொடு, அடுத்த சுத்துல களவாணியை உன் பக்கம் திருப்ப மாட்டேன்." "அவன்கிட்டக் கொடுத்தா அவன் ஜெயிச்சுருவான், எங்கிட்டக் கொடுத்தா நீ ரெண்டாவதாவது வருவ." நாலு பேரையும் பேசிப் பேசியே கவுத்துட்டான். மூணு வருஷமா நான் கேட்காத குரல் அது. இத்தனை நாளா இவனுக்குப் பேச வராதுன்னு நான் நினைச்சிருந்தேன். நாம வச்ச மேஜையிலதான் அவனுக்கு இடம் இல்லாம இருந்திருக்கு.

ஒரு ராத்திரியில அவன் மாறிட்டான்னு சினிமாக் கதை சொல்லல. அடுத்த செமினாருக்கும் அவன் லீவுதான். ஆனா சனிக்கிழமை தவறாம வர்றான். இப்ப எங்க 'விளக்குற கரடி' அவன்தான். புதுசா வர்ற ஜூனியருக்கு விதி சொல்லித் தர்றது அவன் வேலை. ஒரு விஷயத்தை ஏழு நிமிஷத்துல, நாலு பேருக்கு, புரியுற மாதிரி, நின்னு சொல்றான். செமினார்னா அதைத்தானே கேட்கிறாங்க?

நல்ல விளையாட்டுகளோட விதிகள் இன்னிக்குத் தமிழ்ல கிடைக்கிறது அரிது. இதுக்காகக் கம்பெனிக்காரங்களைக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். நம்ம பத்திரிகையில மாசம் ஒரு பக்கம் கொடுங்க. மாசம் ஒரு விளையாட்டோட விதியைத் தமிழ்ல எழுதித் தர்றோம். சொந்த வார்த்தையில, சொந்தப் படத்தோட.

சிவகாசி இவ்வளவு பக்கத்துல இருக்கு

சரி, ஆடிப் பார்க்குறது இருக்கட்டும். நாம ஏன் ஒண்ணு செய்யக் கூடாது?

கட்டான் பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள என்ன இருக்கு? நாலு கலர்ல அச்சடிச்ச தடித்த அட்டை, அதை அச்சு வச்சு வெட்டின துண்டுகள், சீட்டுகள், ஒரு புத்தகம், கொஞ்சம் காய்கள், வெளியில ஒரு அட்டைப் பெட்டி. இப்ப சிவகாசியை நினைச்சுப் பாருங்க. காலண்டர், டைரி, லேபிள், அட்டைப் பெட்டி. ஆஃப்செட், லேமினேஷன், டை கட்டிங் எல்லாம் ஒரே ஊர்ல. நம்ம கிளாஸ்லயே பாதிப் பேருக்கு மாமாவோ சித்தப்பாவோ பிரஸ்ல இருக்காங்க. பெட்டிக்குள்ள இருக்குற கிட்டத்தட்ட எல்லாத்தையும் அங்க செஞ்சிடலாம். நம்மகிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான், ஆடிப் பார்த்துத் திருத்தித் தேறின ஒரு விளையாட்டு.

மும்பைக்காரங்க இந்திய அரசியலை வச்சு 'ஷாசன்'னு ஒண்ணு செஞ்சு, 2019-ல கூட்டு நிதி திரட்டி உலகம் முழுக்க வித்தாங்க. அமெரிக்காவுல எலிசபெத் ஹார்கிரேவ், தன்னோட பறவை ஆசையை வச்சு 'விங்ஸ்பேன்' செஞ்சாங்க. 2019-ல ஜெர்மனியோட பெரிய விருது ஒண்ணு கிடைச்சுது. நமக்கு என்ன குறை? பின்னாடியே 2021-ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், சாம்பல் நிற மலை அணில், கீழ கண்மாய்கள். ஆடு புலி ஆட்டத்துக்கு இதை விடப் பொருத்தமான ஊர் வேற எங்க?

இன்னொரு தகவல், ஐபிஆர் பேப்பர் எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: நம்ம நாட்டு 1970 காப்புரிமைச் சட்டம் 3ஆம் பிரிவுப்படி விளையாட்டு ஆடுற முறைக்குக் காப்புரிமை கிடையாது. படத்துக்கும் புத்தக எழுத்துக்கும்தான் பதிப்புரிமை. அதாவது ஒரு நல்ல விதியைப் பார்த்துக் கத்துக்கலாம், மாத்திக் கட்டலாம். படத்தையும் எழுத்தையும் காப்பி அடிக்கிறதுதான் தப்பு.

நாங்க ஒண்ணு முயற்சி பண்ணினோம். பிளவக்கல்தான் களம். பெரியாறு அணை, கோவிலாறு அணை, அதுக்குக் கீழ அஞ்சு கண்மாய். ஒரு ஆளுக்கு ஒரு கண்மாய். கேன்டீன்ல பொறுக்கின நீல மூடிகள்தான் தண்ணி. சீட்டு எடுத்தா ஐப்பசி மழை. மேல் கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சாத்தான் கீழ் கண்மாய்க்கு வரும். மடையைத் திறந்து பயிர் செஞ்சா புள்ளி.

முதல் அஞ்சு ஆட்டம், அஞ்சுலயும் மேல் கண்மாய்க்காரன் ஜெயிச்சான். கடைசிக் கண்மாய்க்காரன் மூடியையே பார்க்கல. விளையாட்டு செத்துப்போச்சு. 'அதிகமாத் தேக்கினா கரை உடையும்'னு ஒரு விதி போட்டோம். அவன் ஒரு மூடி கம்மியாத் தேக்கி மறுபடி ஜெயிச்சான். சரி, ஒவ்வொரு பருவத்துக்கும் பகடை உருட்டி இடம் மாத்திக்கலாம்னு வச்சோம். ஓரளவு சரியாச்சு. அதைத்தான் வத்திராயிருப்புப் பையனோட தாத்தாகிட்ட, அவர் விவசாயி, பெருமையா ஆடிக் காட்டினோம்.

அவர் சிரிச்சுட்டார். "வருஷா வருஷம் ஊரு இடம் மாறுமாய்யா?"

அப்புறம் அவர் சொன்னதுதான் எங்களுக்கு நாலு செமஸ்டர்ல யாரும் சொல்லாத பாடம். "மேலூர்க்காரன் தண்ணியைப் புடிச்சுக்கிடுவான், வாஸ்தவந்தான். ஆனா வரத்துக்கால்ல மண்ணு மேவிருச்சுன்னா யாரு வெட்டுறது? குடிமராமத்துக்குக் கீழூர்க்காரனும் மம்பட்டியோட வரணும்ல? அவன் வரலைன்னா மேலூர்க்காரன் தலையிலதான் மண்ணு. அதனாலதான் நீர்பாய்ச்சின்னு ஒரு ஆளைப் பொதுவா வச்சு, முறை போட்டுத் தண்ணி விட்டது."

அன்னிக்கு ராத்திரியே பகடையைத் தூக்கிப் போட்டுட்டு 'மம்பட்டி' சீட்டைச் சேர்த்தோம். ஒவ்வொரு பருவத்துக்கும் கால்வாய் மேவும். அஞ்சு பேர்ல மூணு பேராவது மம்பட்டி போட்டாத்தான் முழுத் தண்ணியும் வரும். உடனே பேரம் ஆரம்பிச்சது. கீழ் கண்மாய்க்காரன் "எனக்கு ரெண்டு மூடி விடுறேன்னு சொல்லு, வர்றேன்"ங்கிறான். மேல் கண்மாய்க்காரன் முதல் தடவையா யோசிக்கிறான். அதுக்கப்புறம் ஆடின ஆறு ஆட்டத்துல மேல் கண்மாய் ரெண்டு தடவைதான் ஜெயிச்சது. ஒரு தடவை கடைசிக் கண்மாய் ஜெயிச்சது; மெஸ்ல தட்டு பறந்துச்சு.

இன்னும் முடியல. நாலு பேர் ஆடினா சரியா வரல, ஒரு ஆட்டம் ஒண்ணரை மணி நேரம் இழுக்குது. முன்பின் தெரியாதவங்க நாற்பது பேராவது ஆடிப் பார்த்துத் திட்டினாத்தான் இது தேறும். எஸ்ஸென் மாதிரி விழாக்களோட அருமை எனக்கு அப்பத்தான் முழுசாப் புரிஞ்சது. நண்பன் "செம"ன்னு சொல்லிடுவான். தெரியாதவன் பாதி ஆட்டத்துல கொட்டாவி விடுவான். நமக்கு வேண்டியது அந்தக் கொட்டாவி.

கோரிக்கை இதுதான்

விழாக் குழுவுக்கு: அடுத்த விழாவுல ஒரே ஒரு ஹால், ஒரு நாள், பத்து மேஜை கொடுங்க. மூணு மேஜையில நம்ம பழைய ஆட்டம்: ஆடு புலி, பல்லாங்குழி, தாயம். நாலு மேஜையில புது விளையாட்டு. பெட்டிகளை இரவல் வாங்கியாவது நாங்க கொண்டு வர்றோம். மூணு மேஜையில மாணவர்கள் செஞ்ச, இன்னும் முடியாத விளையாட்டுகள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு 'விளக்குற கரடி', ஒரு பக்கத் தமிழ் விதி. பரிசு, சர்டிஃபிகேட் எதுவும் வேண்டாம். அது இருந்தா ஜெயிக்கிறவன் மட்டும்தான் உட்காருவான். டே ஸ்காலர்ஸ் அம்மா, பாட்டியையும் கூட்டிட்டு வரட்டும். பல்லாங்குழி மேஜைக்குக் கரடி அவங்கதான்.

பிளவக்கல் அணைப் பூங்காவை மேம்படுத்த அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கு. வேலை நடக்குறப்ப நாலு கல் மேஜை போட்டு, ஆடு புலிக் கோடும் பல்லாங்குழிக் குழியும் வெட்டி வைக்கச் சொல்லி நாம ஒரு மனு எழுதலாம். பெரிய செலவில்ல. குளிக்க விடலைன்னாலும் வந்தவன் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவான்.

அதுவரைக்கும் சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, மெஸ்ல ஜன்னல் ஓர மேஜை. ஹாஸ்டல் இல்லாதவங்க வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில லைப்ரரிக்குப் பின்னாடி வேப்ப மரத்தடிக்கு வாங்க. அஞ்சாவது கண்மாய்க்கு ஆள் குறையுது.